கேரியோடைப் ரிப்போர்ட்டை கையில குடுக்குற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மகப்பேறு டாக்டர்கள், குழந்தைகள் டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க அனுப்புற பச்சை மூடி டியூப் வந்து சேர்ற இடத்துல வேலை பாக்குறவ நான், சைட்டோஜெனெட்டிக்ஸ் லேப் டெக்னீஷியன், அதாவது குரோமோசோமை எண்ணி சோதிக்கிற லேபு. குழந்தையை நான் பாக்குறதே இல்ல, அதோட குரோமோசோமை மட்டும்தான் பாக்குறேன். ஆனா ரிப்போர்ட் வாங்க வர்ற அப்பா அம்மாவை பாக்குறேன். அந்த கேரியோடைப் பேப்பர்ல, அதாவது குரோமோசோம் கணக்கு ரிப்போர்ட்ல, 47, எக்ஸ்ஒய், +21னு ஒரு வரி இருக்கும் (46க்கு பதிலா 47 குரோமோசோம், ஆண் குழந்தை, 21-ஆவது ஒண்ணு கூடுதல்னு அர்த்தம்), அதையே திரும்பத் திரும்ப பாத்துட்டு "இதுல என்ன மேடம் போட்டிருக்கு"ம்பாங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா "டவுன் சிண்ட்ரோமா இருக்கும், ரிப்போர்ட் வரட்டும்னு சொன்னாரு", அதோட முடிஞ்சது. ரிசல்ட்டை விளக்குற உரிமை எனக்கு கிடையாது, உங்ககிட்டதான் திருப்பி அனுப்பணும். பக்கத்துல நிக்கிற மாமியார் "கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசாது.

அதனாலதான் எழுதுறேன். ரிப்போர்ட் குடுக்குற அன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, செல்லுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு சொல்லுங்க. பெரிய படிப்பு இல்லாதவங்களுக்கும் புரியும், சொல்ற விதத்துல சொன்னா.

நாங்க என்ன பண்றோம்னே பல பேருக்கு தெரியாது. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவை பீன்ஸ்ல இருந்து எடுக்குற ஒரு பொருளை போட்டு தூண்டிவிட்டு 37 டிகிரியில 72 மணி நேரம் வளர்ப்போம், அது பிரிய ஆரம்பிக்கும், குரோமோசோம் எல்லாம் நல்லா சுருண்டு நடுவுல வந்து நிக்கிற நேரத்துல கால்சிசின் வகை மருந்தை போட்டு அப்படியே நிறுத்திடுவோம், ஏன்னா அந்த ஒரு கட்டத்துலதான் அதுங்களை தனித்தனியா எண்ண முடியும். அப்புறம் உப்பு கம்மியான கரைசல்ல செல்லை ஊத வெச்சு, ஸ்லைடுல சொட்டு விட்டு, ட்ரிப்சின் போட்டு, ஜீம்சா சாயம் ஏத்துனா ஒவ்வொண்ணுலயும் கருப்பு வெள்ளை பட்டை தெரியும். குறைஞ்சது 20 செல்லாவது எண்ணுவோம். மனுசனுக்கு 46 தான்னு உறுதியானதே 1956லதான், டவுன் சிண்ட்ரோம்ல 47 இருக்குன்னு பாரிஸ்ல லெஜூன், மார்த் கோத்தியே, டர்பின் மூணு பேரும் வெளியிட்டது 1959ல. (அதுக்கு வேண்டிய செல் வளர்ப்பை அந்த லேபுல கொண்டுவந்து உழைச்சவங்க கோத்தியே. அவங்க பேரு ரொம்ப காலம் பின்னாடியே இருந்துச்சு, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.) 21-ஆவது குரோமோசோம்தான் எல்லாத்துலயும் சின்னது, 22ஐ விடவும் சின்னது, ஜீனும் கம்மி. அதனாலதான் அது ஒண்ணு கூடுதலா இருந்தும் குழந்தை உயிரோட பொறக்குது. பெரிய குரோமோசோம்ல இப்படி ஆச்சுன்னா கரு நிக்கவே நிக்காது, முதல் மூணு மாசத்துல கலையிற கருவுல பாதிக்கு இந்த மாதிரி குரோமோசோம் எண்ணிக்கை கோளாறுதான் காரணம்.

இப்போ சொல்றதுக்கு கஷ்டமான இடம். டிரைசோமி 21ல, அதாவது 21-ஆவது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணா இருக்கிறதுல, ஏறக்குறைய 90 சதவீதம் அம்மாவோட முட்டை உருவாகும்போது நடக்குற தப்பு. இந்த உண்மையை மட்டும் பாதியா சொல்லிட்டு விட்டீங்கன்னா வீட்ல அது "பாத்தியா, உன்னாலதான்"னு ஆயிடும். அதனால மீதியையும் சொல்லுங்க. ஒரு பொண்ணோட முட்டை எல்லாம் அவ தன்னோட அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாகி, குரோமோசோம் எண்ணிக்கையை பாதியாக்குற மியாசிஸ் பிரிவை ஆரம்பிச்சு, பாதியிலேயே நின்னுடுது. ஒரு முட்டை அந்தப் பிரிவை திரும்ப தொடர்றது அது முதிர்ந்து வெளிவர்ற மாசத்துல, அதாவது 20, 30, 40 வருஷம் கழிச்சு. அத்தனை வருஷமும் ஜோடி குரோமோசோம்களை சேர்த்து புடிச்சிட்டு இருக்கிறது கொஹீசின்னு ஒரு புரதம், நாளாக நாளாக கயிறு இத்துப்போற மாதிரி அது இத்துப்போகுது, பிரியும்போது ரெண்டு 21ம் ஒரே பக்கம் போயிடுது. அந்த முட்டை கருவாகி, மைட்டாசிஸ்ல, அதாவது சாதாரண செல் பிரிவுல, பிரியப் பிரிய ஒவ்வொரு செல்லும் 47ஐ அப்படியே காப்பி எடுத்துக்கிட்டே போகும். அவ சாப்பிட்ட பப்பாளியும் காரணமில்ல, கிரகணமும் காரணமில்ல, மாசமா இருக்கும்போது அழுததும் காரணமில்ல. அந்த முட்டைக்குள்ள கயிறு கட்டினப்போ அவளே பொறக்கல. இதை நீங்க மாமியாரையும் புருஷனையும் கூட உக்கார வெச்சு சொல்லணும், தனியா அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொன்னா பிரயோஜனம் இல்ல. சொந்தத்துல கட்டினதாலன்னு பழி போடுறவங்களும் நிறைய. சொந்தத்துல கட்டினா வேற சில பரம்பரை நோய்க்கு வாய்ப்பு கூடும், அது நிஜம், ஆனா இந்த டிரைசோமிக்கு காரணம் அது இல்ல.

வயசு விஷயத்தையும் முழுசா சொல்லுங்க. 35 வயசுல ஏறக்குறைய 350ல ஒண்ணு, 40ல 100ல ஒண்ணுன்னு வாய்ப்பு ஏறுது. ஆனா சின்ன வயசுலதான் அதிகம் பேர் பிள்ளை பெத்துக்குறாங்க, அதனால டவுன் குழந்தைங்கள்ல பெரும்பாலும் 35க்கு கீழ இருக்கிற அம்மாக்களுக்கு பொறந்ததுதான். 23 வயசு பொண்ணுகிட்ட "உனக்கு எப்படிம்மா வந்துச்சு"ன்னு ஆச்சரியமா கேக்காதீங்க, அவ அதை வாழ்நாள் பூரா மனசுல வெச்சுப்பா.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். "முகத்தை பாத்தாலே தெரியுது, எதுக்கு வீண் செலவு"ன்னு சிலர் கேரியோடைப்பே எழுதிக் குடுக்குறதில்ல. 100ல 3, 4 குழந்தைக்கு அந்த கூடுதல் 21 தனியா இருக்காது, 14-ஆவது மாதிரி இன்னொரு குரோமோசோமோட ஒட்டிக்கிட்டு இருக்கும். டிரான்ஸ்லொகேஷன். எண்ணினா 46ன்னுதான் வரும். குழந்தையோட முகத்துல இந்த வித்தியாசம் தெரியாது, ஸ்லைடுல மட்டும்தான் தெரியும். இதுல சில பேருக்கு அப்பாவோ அம்மாவோ 45 குரோமோசோமோட, எந்தக் குறையும் இல்லாம நடமாடிட்டு இருப்பாங்க, இப்படி ஒட்டினதை சுமக்குறவங்களைத்தான் கேரியர்ங்கிறோம். அம்மா கேரியரா இருந்தா ஒவ்வொரு பிரசவத்துக்கும் 10-லிருந்து 15 சதவீதம் வரைக்கும் திரும்ப வாய்ப்பு இருக்கு, அப்பாவா இருந்தா அதை விட கம்மி. ரெண்டு 21ம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கிற கேரியர்னா பொறக்குற எல்லா குழந்தைக்குமே டவுன்தான். அப்பாவோ அம்மாவோ கேரியர்னு தெரிஞ்சா சித்தி, மாமா, அவங்க பிள்ளைங்க வரைக்கும் டெஸ்ட் பண்ண வேண்டி வரலாம். சாதாரண டிரைசோமின்னா அந்தக் குடும்பமே நிம்மதியா அடுத்த குழந்தைக்கு யோசிக்கலாம், திரும்ப வர்ற வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம்தான், வயசு கூடுனா கொஞ்சம் கூடும். ஒரே முகம், ரெண்டு வேற வேற பதில். இதை தெரிஞ்சுக்காம அனுப்புறது அநியாயம்.

அப்புறம் "ஒண்ணும் பண்ண முடியாது"ங்கிற வார்த்தையை தயவுசெஞ்சு விடுங்க. இந்தக் குழந்தைங்கள்ல பாதி பேருக்கு இதயத்துல குறை இருக்கும், எக்கோ உடனே எடுக்கணும், தைராய்டு பாக்கணும், காது கண்ணு பாக்கணும், சின்னதுலயே பயிற்சி ஆரம்பிக்கணும். இதெல்லாம் பண்ணக்கூடியதுதானே?

எங்க பக்கத்துல இருந்து கேக்குறது இவ்வளவுதான். சாம்பிளை ஹெபாரின் போட்ட பச்சை மூடி டியூப்ல அனுப்புங்க, ஊதா மூடில வந்தா செல் சரியா வளராது, பச்சைக் குழந்தைக்கு திரும்ப ஊசி குத்தணும். ஃபார்ம்ல குழந்தையை பத்தி ரெண்டு வரி எழுதுங்க, காலியா விடாதீங்க. டிரான்ஸ்லொகேஷன்னு ரிப்போர்ட் வந்தா, அடுத்த கர்ப்பம் வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே அப்பா அம்மா ரெண்டு பேர் ரத்தத்தையும் அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்