முடிவை முன்னுரையில் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தமிழ் நாவல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ வாங்கினேன். இன்னும் கால் பங்கைக்கூடத் தாண்டவில்லை. முடித்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன், பொறுக்கவில்லை.

நான் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூருக்குப் பேச ஆபரேட்டர் இணைப்புத் தரும் டிரங்க் கால் காலம் அது. பேசுகிறவர் பயந்திருக்கிறாரா, பொய் சொல்கிறாரா என்பதைக் குரலிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் காதில் ஊறிவிட்டது. பழைய நாவல் என்றால் எல்லோரும் ஒரே குரலில் நீதி சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். கதை நடக்கும் சிறுகுளத்துப் பெண்கள் ஊர்வம்பு பேசும் பகுதி வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அந்தக் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்றே ராஜம் ஐயர் பெயர் வைத்திருக்கிறார்! இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆட்களைப் பிரித்தறியலாம். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21 தான்.

வடமொழிச் சொற்கள் அங்கங்கே என்னை நிறுத்துகின்றன. அது பழகிவிடும். கமலாம்பாளின் மகள், குழந்தை லட்சுமியின் கல்யாணப் பேச்சில்தான் என் மனம் ஒட்டவில்லை. வீடு முழுக்க மகிழ்ச்சி, எனக்கோ அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற தவிப்பு. அந்தக் காலத்து வழக்கம் அதுதான் என்று தெரிந்தும் அது அடங்கவில்லை.

என் மனக்குறை வேறொன்று. நான் வாங்கிய பதிப்பின் முன்னுரை, கமலாம்பாளுக்கும் அவள் கணவர் முத்துஸ்வாமி ஐயருக்கும் கடைசியில் என்ன ஆகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டது. இப்போது அவர்கள் சிரித்துப் பேசும் பக்கங்களில்கூட எனக்கு முடிவுதான் தெரிகிறது. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் இதைத் தொடராகப் படித்தவர்கள் அடுத்த மாதம் என்ன நடக்குமோ என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை எங்களிடமிருந்து ஏன் பறிக்க வேண்டும்? ஆராய்ச்சி அவசியம்தான், அதைப் பின்னுரையாக வையுங்கள் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கட்டுரையாளர்களும் முடிவைத் தொடாமல் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

என் தங்கைக்கும் ஒரு பிரதி வாங்கியிருக்கிறேன். முன்னுரைப் பக்கங்களை நூலால் தைத்து மூடிவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி