டெக்சஸில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் ஹெச்-1பி வேலை விசாப் பெற்றோருக்கு

வணக்கம். கல்லூரி விண்ணப்பத்தில் ‘வதிவிடம்’, அதாவது கட்டணத்துக்கு எந்த மாநிலத்தவர் என்று கேட்கிற பக்கம் வந்ததும் லேப்டாப்பைப் பிள்ளை பக்கம் தள்ளிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடாதீர்கள். பிள்ளை உங்களைச் சார்ந்து இருக்கும்வரை, அந்தப் பக்கத்தில் கேட்பது உங்களைப் பற்றித்தான்.

நான் அப்படிப் போனவன். வேலைக்காக ஜூலையில் டாலஸ் பக்கம் வந்து, ஒரு காற்று மெத்தையும் தோசைக்கல்லுமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். மனைவியும் மகளும் நியூஜெர்சியில் அரையாண்டை முடித்துவிட்டு ஜனவரியில்தான் வந்தார்கள். ‘பெற்றோர் எப்போதிலிருந்து டெக்சஸில்?’ என்ற கட்டத்தில் அவள் தனக்கு நினைவிருந்த ஜனவரியைப் போட்டுவிட்டாள். வந்தது வெளிமாநிலக் கட்டணம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டால், டெக்சஸ் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர், வெளிமாநிலப் பிள்ளைக்கு 40,000-க்கும் மேல். அன்று இரவு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தால், எடுத்தவர் “ஹெச்-4 என்றாலே இன்டர்நேஷனல்தான்” என்றார். ஹெச்-4 என்பது ஹெச்-1பி-காரர் குடும்பத்துக்குத் தரும் விசா. தவறு. எஃப்-1 என்ற மாணவர் விசாவை வைத்துத்தான் பொதுவாக இங்கே வதிவிடம் கோர முடியாது. ஹெச்-1பி, ஹெச்-4 இரண்டுக்கும் டெக்சஸ் விதியில் இடம் உண்டு. சென்சஸ் தேதிக்கு, அதாவது இலையுதிர்ப் பருவத்தில் வகுப்பு நடக்கும் நாட்களில் 12-ஆவது நாளுக்கு, குறைந்தது 12 மாதம் முன்பே பெற்றோரில் ஒருவர் இங்கே வேலையோ சொந்த வீடோ என்று வேர் பிடித்திருக்க வேண்டும். அவர் பிள்ளையை வருமான வரியில் தன்னைச் சார்ந்தவராகக் காட்டக்கூடியவராகவும் இருக்க வேண்டும். லீஸ் பத்திரத்தை மட்டும் நீட்டினால் போதாது, அது துணைக்கு வரும் காகிதம்தான். முதலில் கேட்பது வேலையை. கலிஃபோர்னியா நண்பர் சொல்லும், 366 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அந்த மாநிலத்தின் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) கல்லூரிகளுக்கானது, இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம், 21 வயதில் ஹெச்-4 முடிந்து எஃப்-1-க்கு மாறுவது தனித் தலைவலி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த கடிதம், முதல் மாதச் சம்பளச் சீட்டு, கரண்ட் பில் எல்லாவற்றையும் வந்த வாரமே ஒரு கவரில் போட்டு வையுங்கள். போனில் ‘இல்லை’ என்றால் அதோடு விட்டுவிடாமல், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு முடிவு மாற ஐந்து வாரம் ஆனது. பதற்றத்தில் காற்று மெத்தை வாங்கிய ரசீதைக்கூடச் சேர்த்து அனுப்பியிருந்தேன், அதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.