கைவேலைப் போட்டியில் கைக்கு இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த டிசம்பரில் பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கைவேலைப் போட்டி நடந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஆரம்பப்பள்ளி நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நான்கு நாள் மாலையில் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தானே செய்த, கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டும் அலங்கார வளையத்தை எடுத்துப்போனாள். கடையில் 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் பிளாஸ்டிக் வளையத்தில் நான்கு மணிகளை ஒட்டிக் கொண்டுவந்த பிள்ளைக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தப் பிள்ளைமீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஏற்பாட்டாளர் ஒருவர் இவளுடைய வளையத்தைத் திருப்பிப் பார்த்து, "இது முட்டை அட்டையா?" என்று கேட்டுவிட்டு மேசையின் கோடிக்குத் தள்ளி வைத்தார். திரும்பும்போது அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டுதான் படியேறினாள். இந்த வருடமும் போட்டி வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆமாம், முட்டை அட்டைதான். பள்ளங்களைத் தனித்தனியாக வெட்டி, விளிம்பை ஐந்து இதழாக நறுக்கி, லேசாக ஈரம் காட்டி விரலால் மடித்தால் பூ. அப்படி 14 பூக்கள். டோபி கடையில் துணி மாட்டித் தரும் கம்பி ஹேங்கரை வட்டமாக வளைத்து, பழைய நாளிதழை முறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிழிந்த சேலைத் துண்டை இறுக்கிக் கட்டினோம். இலைகளுக்கு நோன்புப் பெருநாளில் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் பச்சை உறைகள், மொட்டுகளுக்குச் சீனப் புத்தாண்டுப் பண உறையான அங்பாவின் சிவப்பு, நடுவில் தீபாவளி உறைகளின் ஊதா. எங்கள் மாடியில் மூன்று பண்டிகைக்கும் உறை வாங்காத பிள்ளையே கிடையாது. பத்து பெரிங்கி கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சின்னக் காய்களைப் பொறுக்கி, இடையிடையே வைத்தாள். சிவப்பு மணிகளுக்கு ஆனைக்குன்றிமணி, நம் ஊரில் சாகா விதை என்பார்களே, அது. முழுச் சிவப்பாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு முனையில் கறுப்புக் கண் இருக்கும் குன்றிமணி கொடிய விஷம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் உருப்பெருக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை செய்தவள். விரலுக்குப் பொறுமை வர எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மாடிப் பிள்ளைக்கு நாலாவது நாள் மாலையே வந்துவிட்டது. முதல் நாள் வெட்டிய இலைகளையும் கடைசி நாள் வெட்டிய இலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நடுவர்களுக்கே புரிந்திருக்கும்.

எதிர்வீட்டு அக்கா முதலில் பதறிவிட்டார். "வாசலில் போய் மலர்வளையமா?" என்றார். நம் பேச்சில் மலர்வளையம் என்றால் சாவுவீடுதான் நினைவுக்கு வரும், அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் நாங்கள் இதைத் திருவருகைக்கால வளையம் என்போம் என்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவத்தி, மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். அன்றிலிருந்து தன் வீட்டுத் தீபாவளி ஊதா உறைகளைக் கசங்காமல் எடுத்து வைத்து எனக்குத் தருகிறார்.

இந்த வழக்கம் தொடங்கியதே இருப்பதை வைத்துத்தான். 1839-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற போதகரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டு நச்சரித்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்திகளும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவத்திகளும் வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். வண்டிச் சக்கரம் ஆகும் என்றால் முட்டை அட்டை ஏன் ஆகாது? (காகித வளையத்தில் மெழுகுவத்தி ஏற்றாதீர்கள். நாங்கள் காகிதத்தையே சுருட்டி மெழுகுவத்தியாக நிறுத்தி, மஞ்சள் தாளில் சுடர் வெட்டி ஒட்டுகிறோம்.)

பினாங்கில் 2011 முதல் கடையில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடையாது. துணிப்பையோடு சந்தைக்குப் போகப் பழகிவிட்டோம். அப்புறம் டிசம்பரில் மட்டும் பிளாஸ்டிக் இலையும் கம்பியும் பின்னிக் கிடக்கும், பிரித்தெடுக்கவே முடியாத வளையத்தை வாங்கி மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளை மண்டபத்திலேயே உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் கொடுத்து, கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் கிடப்பதை மட்டும் கொண்டுவரட்டும். பரிசு கொடுக்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் அவர்களே, நவம்பரிலேயே உங்கள் சிறுவர் பக்கத்தில் இலை, பூ மாதிரிகளை அளவோடு அச்சிட்டால், வெட்டி எடுக்கத் தாளும் அதுவே ஆகும்.

பசைக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு கப் கோதுமை மாவுக்கு நான்கு கப் தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் சிறு தீயில் கிண்டி, இறக்கும்போது ஒரு கரண்டி வினிகர் ஊற்ற வேண்டும். வினிகர் இல்லாவிட்டால் நம் ஊர் மழை ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். ஒட்டியதை இரண்டு நாள் விசிறிக் காற்றில் காயவிட வேண்டும். எங்கள் குடியிருப்பில் இந்த வருடம் போட்டி வைத்தால், பசையை நானே காய்ச்சி இரண்டு பானை நிறையக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகி,
பினாங்கு.