தானசெட்டில்மென்ட் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை கட்டாயமாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம் பகுதியில் உரிமம் பெற்ற ஆவண எழுத்தராகத் தொழில் செய்து வருகிறேன். வயதான தாயோ தந்தையோ தாம் குடியிருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைக்கும் பத்திரங்களில் உள்ள ஒரு பெருங்குறையைப் பதிவுத்துறையின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

பணம் வாங்காமல் சொத்தை உடனே பிள்ளைக்கு உரிமையாக்கும் இந்தத் தானசெட்டில்மென்ட் பத்திரத்தின் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். "தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கும். "இனி இச்சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை, இதை எக்காலத்தும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்" என்று முடியும். எழுதிக் கொடுத்தவருக்குச் சாகும்வரை சோறு போடுவது யார், அவர் எந்த அறையில் படுப்பது, ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பது எங்கும் இருக்காது. சேர்க்கலாமே என்று நான் சொன்னால், "எங்களுக்குள் எதற்கு சார் இதெல்லாம்?" என்று மகன் முகம் சுளிப்பார். பல வீடுகளில் தாயே, "வேண்டாம் தம்பி, பிள்ளையைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும்" என்று தடுத்துவிடுகிறார்.

உயில் எழுதினால் போதுமே என்பார்கள். போதும்தான், உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம், கிழித்தும் போடலாம். ஆனால் மாடி கட்ட வங்கிக் கடன் வேண்டும், பட்டா மாற வேண்டும், அதற்கு உயில் உதவாது என்று பிள்ளைகள் செட்டில்மென்ட்டையே கேட்கிறார்கள். செலவும் அதில் குறைவு. கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஐம்பது லட்ச ரூபாய் வீடு ஐம்பதாயிரத்தில் கைமாறிவிடுகிறது.

பதிவு நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை மங்கியிருக்கும், கருவி ஏற்காது. மூதாட்டி கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைப்பார். மகன் பின்னால் நின்று அந்த விரலைப் பிடித்து அழுத்துவார். "எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா?" என்று சார்பதிவாளர் கேட்பார், மூதாட்டி தலையசைப்பார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். சார்பதிவாளரைக் குறை சொல்ல முடியாது, அவர் கேட்க வேண்டியது அவ்வளவுதான். இனி இந்த வீட்டில் தனக்குச் சட்டப்படி ஒரு பாயளவு இடம்கூட இல்லை என்பதை அந்த அம்மாவிடம் சொல்வது அங்கு யாருடைய வேலையும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் என் மேசைக்கே திரும்பி வருகிறார்கள். நெசவுத் தொழில் செய்த ஒரு பெரியவர், வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் மகன் பெயருக்குப் போன பிறகு தம் அறை வாடகைக்கு விடப்பட்டதைச் சொல்லி, "ஒரு ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். அப்படி எழுதிக் கொடுத்தவர் மட்டும் வந்து ரத்து செய்ய முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் அதைத் தெளிவாக்கிவிட்டது. அவருக்கு இருக்கும் வழி கோட்டாட்சியர் அலுவலகம்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். 60 வயது நிறைந்தவர், தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். சிக்கல் அந்த "நிபந்தனை"யில்தான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி வீட்டை அவருக்குத் திருப்பித் தந்தது. அங்கும், சாகும்வரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியே எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

நெஞ்சு நிறைந்த தீர்ப்பு அது. ஆனாலும் எண்பது வயதில் தீர்ப்பாயம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று எத்தனை பேரால் ஏறி இறங்க முடியும்? பத்திரத்திலேயே எழுதியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. கடன் கொடுக்கும் வங்கியும் வீட்டை வாங்க வருகிறவரும்கூட அதைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள்.

ஆகவே, 60 வயது கடந்தவர் எழுதிக் கொடுக்கும் எல்லாக் குடும்ப செட்டில்மென்ட்டுகளிலும் இந்த வாசகத்தைப் பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும்: "எழுதிக் கொடுப்பவருக்கு ஆயுள்வரை இவ்வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றை எழுதி வாங்குபவர் தம் செலவில் செய்ய வேண்டியது. தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி இப்பத்திரத்தை ரத்து செய்துகொள்ள எழுதிக் கொடுப்பவருக்குப் பாத்தியம் உண்டு." துறையின் மாதிரிப் பத்திரத்தில் இதைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும் என்றே நினைக்கிறேன். நிபந்தனை வேண்டாம் என்னும் பெற்றோரைப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சார்பதிவாளர் தனியே விசாரித்துப் பதிவு செய்யட்டும்.

அதுவரை, எழுதிவைக்க எண்ணும் பெரியவர்கள் கையெழுத்துக்கு முன் வரைவை வாங்கி, பிள்ளை அல்லாத ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். கோட்டாட்சியருக்கு மனு எழுத முடியாதவர்கள் தங்களுக்காக இன்னொருவரைக் கொண்டும் கொடுக்கலாம். சட்டம் அதற்கும் இடம் தந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
கும்பகோணம்.