கல்லாவுக்கு ஒரு நியாயம், வாடிக்கையாளருக்கு ஒரு நியாயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடை வேலைக்கு நேர்மையான ஆள் கிடைப்பதில்லை என்று வணிகர்கள் குறைபட்டுக்கொள்வதைத் தங்கள் நாளிதழில் படித்தேன். காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதன் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். கல்லாவில் கை வைக்காத ஆளைத் தேடும் முதலாளிகளில் பலர், அதே ஆள் வாடிக்கையாளரிடம் கூசாமல் பொய் சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் ஒரு கடையில் நான் கண்டது இது. சென்னையிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் சேலையைப் புரட்டிப் பார்த்து, "கைத்தறிதானேம்மா?" என்று கேட்டார். விற்பனைப் பெண் பதில் சொல்லுமுன் முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். "கைத்தறிதாங்கம்மா, கரையைப் பாருங்க" என்று அங்கிருந்தே குரல் வந்தது. அது விசைத்தறிச் சேலை என்பது, கொள்முதல் பில்லைப் பதிந்த எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்று இரவு கல்லாவில் பத்து ரூபாய் கூடுதலாக இருப்பதை அவளே எடுத்துச் சொன்னபோது, "நல்ல பிள்ளை" என்று மெச்சியவரும் அதே முதலாளிதான்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லிலும் இதே கதை நடக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் கலந்த கலவையை மேலே நிரப்பி, நீரில் ஊறவைத்துக் காயவைக்கும் அந்தக் கல், சூளையையே காணாதது. அந்தப் பூ வேலையை இயந்திரத்தில் அச்சிட்ட பீங்கான் டைல்ஸையும் 'ஆத்தங்குடி' என்றே சொல்லி விற்கும்படி ஊழியரிடம் சொல்லப்படுகிறது.

நம் பக்கத்துச் செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறி அங்குள்ள கடையை நடத்திய மேலாளை நம்பியே முதலாளி இங்கே தூங்கினார் என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். பெருமைக்குரியதுதான். ஆனால் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, நெல் விலை வீழ்ந்து, அவர்களிடம் உழவர்கள் நிலத்தின் பேரில் வாங்கிய கடன்கள் முறிந்த பின், 1937-இல் சுமார் 25 விழுக்காடானது என்பதும் அதே பேரேட்டின் இன்னொரு பக்கம். முதலாளிக்குக் காசு பிசகாமல் கணக்குக் காட்டியதை வைத்தே, எதிரே உட்கார்ந்திருந்த உழவனுக்கும் நியாயம் நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

இதை ஊழியரின் மனச்சாட்சிக்கே விட்டுவிடலாம் என்பவர்கள், வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லாத ஒருவரிடம் முதலாளி செய்ய வேண்டியதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே கொள்கிறது. ஆகவே கைத்தறியா விசைத்தறியா, ஆத்தங்குடிக் கல்லா பீங்கானா என்பதை ஒவ்வொரு விற்பனைப் பில்லிலும் எழுத வேண்டும் என்று இப்பகுதி வணிகர் சங்கங்கள் தமக்குத் தாமே விதி செய்துகொள்ள வேண்டுகிறேன். பில்லில் எழுதியிருந்தால், கேட்பவருக்கு உள்ளதைச் சொல்ல அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி.