அக்கா, அது 71 நாள் இல்லை

அக்காவுக்கு,

தையல் வேலையை விட்டு, தீபாவளிக் கணக்கு முடித்து, வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் நீங்கள் கையெழுத்துப் போட்டு இன்றோடு 19 நாள். உங்கள் பெயரை எழுதவில்லை. கம்பெனி பெயரும் எந்த ரோடு என்பதும் இதில் வராது. படிக்கிறவர்களில் யார் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கவரில் இருந்தது போனஸ் மட்டும்தான். "எல்லாம் சேர்த்துத்தான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். போனஸ் வேறு, வேலையை விடும்போது வர வேண்டிய கிராஜுவிட்டி வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது. 5 வருஷம் தாண்டியவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. 1972-இல் வந்த சட்டம். இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் இந்தக் கணக்கு மாறவில்லை. உங்களுடைய 8 மணி நேரக் கூலி 500. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 7,500. பதினோரு வருஷத்துக்கு 82,500 ரூபாய். கடைசியாக பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில்தான் இருந்தீர்கள் என்று அவர்கள் சொன்னால், கடைசி 3 மாதம் வாங்கிய கூலியின் சராசரியை எடுக்க வேண்டும். ஓவர்டைம் அதில் சேராது.

ஓவர்டைம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்கிறோமே, அந்தச் சொல்லிலேயே திருட்டு இருக்கிறது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் தைத்தால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. அரை ஷிப்ட் என்பது 4 மணி நேரம், மணிக்கு 62.50. இரட்டையாகப் போட்டால் 500 வர வேண்டிய இடத்தில் 250 வந்தது. ஒன்றரை ஷிப்ட்டுக்கு ஒன்றரைக் கூலி என்று கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். சட்டப்படி அது இரண்டு கூலி அக்கா. ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை என்றால் 1,500 ரூபாய் அப்படியே போய்விடும். சனிக்கிழமை கவரை எண்ணிப் பார்த்தால் அது தெரியாது. கணக்கில்தான் அது இல்லையே.

இனி முக்கியமானது. வேலையை விட்ட 30 நாளுக்குள் கிராஜுவிட்டி கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தாமதமானது என்பதற்காக மட்டும் தள்ளிவிட முடியாது, ஆனால் காரணம் சொல்ல வேண்டிவரும். அதனால் இந்த வாரமே எழுதுங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த மிஷின், கடைசிக் கூலி எல்லாம் இருக்கட்டும். கேட்டில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு வரவே இல்லை என்பார்கள். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். 30 நாளில் பணம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கிராஜுவிட்டிக்கு என்று இருக்கிற அதிகாரியிடம் மனு. தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

வவுச்சரில் 'முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்ததை நினைத்து பயப்படுவீர்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் கிராஜுவிட்டி உரிமை போகாது. அவர்கள் பிடிக்கப்போவது வேறு இடத்தில். வருஷா வருஷம் தீபாவளிக்கு ராஜினாமா வாங்கிப் பொங்கலுக்குப் பிறகு புதிதாகச் சேர்த்த மாதிரிப் பதிந்திருப்பார்கள். இடைவெளி காட்டினாலும், 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருஷம்தான். ஆகவே கடைசியில் எல்லாம் நாள் கணக்கில் வந்து நிற்கும்.

நாள் என்று எழுதியதும் அந்த மாசி மாதம்தான் கண் முன்னால் வருகிறது. வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸ் ஜன்னல். ஆபரேஷன் ஆகி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். இன்னொரு கையில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டின் கிளை அலுவலகத்தில் கொடுத்த சீட்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால்தான் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நோய்க்காலப் பணம். சீட்டில் 71 என்று இருந்தது. விரல் விட்டு எண்ணினீர்கள். "ஏப்ரல்ல மட்டும் 26 நாள் வந்தனே தம்பி." சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. நான்தான் சொன்னேன். "போச்சாது போ தம்பி, எங்கியோ தப்பு" என்று சீட்டை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

எங்கேயும் தப்பு இல்லை அக்கா. அப்போது உங்கள் கூலி 400. அதில் 70 சதவீதம் 280. டாக்டர் எழுதிய 42 நாள் ஓய்வில் முதல் 2 நாளுக்குக் கிடையாது, மீதி 40 நாளுக்கு 11,200 ரூபாய். அதற்குத்தான் தாலிக்கொடி வட்டிக்கடைக்குப் போனது.

எப்படி நடக்கிறது என்றால், கூலியைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே காட்டினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே கூலியைத் தொட மாட்டார்கள், நாளைத் தொடுவார்கள். 26 நாள் வந்தவருக்கு 12 நாள். பி.எஃப்.புக்கு மாதாமாதம் ஏற்றுகிற பட்டியலில் என்.சி.பி. நாள் என்று ஒரு கட்டம், சம்பளம் இல்லாத நாள். மீதியெல்லாம் அங்கே போகும். நூறு ரூபாய்க் கூலிக்குக் கம்பெனி கட்ட வேண்டியது பி.எஃப். 13, இ.எஸ்.ஐ. 3.25. அந்தப் பதினாறே கால் ரூபாய்க்காக உங்கள் நாள் காணாமல் போகிறது. மாதம் 12 நாள் என்றால் வருஷத்துக்கு 144. 240-க்கு எங்கே போவது? இ.எஸ்.ஐ.யை விழுங்கிய அதே பொய் கிராஜுவிட்டியையும் விழுங்கும்.

அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது. பட்டியல் மேலிருந்து வரும், டைம் ஆபீஸ் அதை ஏற்றும். யார் கொடுத்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்ற மாட்டேன் என்றால் மறுநாள் வேறொருவர் அந்த நாற்காலியில் இருப்பார். இது உண்மை. ஆனால் இது ஒரு பதிலாகாது என்பதும் தெரியும். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லக்கூட, நீங்கள் கேட்டை விட்டுப் போகும் வரை வாய் வரவில்லை.

ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் வெற்று வவுச்சரைப் பார்த்துத் தயங்கி நின்றபோது, "போடு கண்ணு, நான் போடலையா" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தது நீங்கள். பதினோரு வருஷ ஓவர்லாக் மிஷின்காரி போடுகிறாள் என்றால் பதினெட்டு வயசுப் பெண் என்ன செய்யும்? உங்கள் 'போச்சாது' உங்களோடு நிற்கவில்லை. அந்த லைன் முழுக்கப் போனது. அந்த ஜன்னலில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்கள் சத்தம் போட்டிருந்தால்... வேண்டாம், வயிற்றில் தையலோடு நின்றவரிடம் இதைக் கேட்பது முறையில்லை.

பழைய சாமான்காரருக்கு எதையும் போட்டுவிடாதீர்கள். நாள் எழுதிய சம்பளக் கவர்கள், பஞ்சிங் அட்டை, பீஸ் எண்ணிக்கை எழுதிய சின்ன நோட்டு, பேங்க் பாஸ்புக், எல்லாம் சாட்சி. இ.எஸ்.ஐ.யில் உங்களை முதலில் பதிந்த தேதியையும் கேட்டு வாங்குங்கள். பி.எஃப்.பில் பதிந்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு வரும். மகனை விட்டு ஆன்லைனில் பாஸ்புக்கையும் இறக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் பங்கு 576 என்று இருந்தால், 12-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 4,800. அந்த மாதம் கவரில் 10,400 வாங்கியிருந்தீர்களானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெராக்ஸ் எடுங்கள். அதிகாரி முன்னால் அந்த ஒரு தாள் போதும், மீதி ரிஜிஸ்டரைக் கம்பெனிதான் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும்.

அவர்கள் கொண்டுவருவது எந்த ரிஜிஸ்டர் என்பது எனக்குத் தெரியும். இன்னொன்று எங்கே இருக்கிறது என்பதை இங்கே எழுத மாட்டேன். மனுவில் சாட்சி என்று ஒரு இடம் விடுங்கள். என் பெயர் உங்களுக்குத் தெரியும். சம்மன் வந்தால் வருகிறேன்.

தம்பி