வீட்டுக்கு அலாரம் பூட்டமுன் யோசிக்க வேண்டியவை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

அலாரம் கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் "எத்தனை சென்சர் வேணும்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு: சைரன் அடித்தால் ஓடிவரப்போவது யார்? பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே யாழ்ப்பாணத்தில் நிறைய. பனல் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) முதலில் அழைப்பது மகனுடைய இலக்கமாக இருந்தால், அவர் அங்கே வேலையில் நிற்கலாம், நித்திரையாகவும் இருக்கலாம். முதலாவதாகப் பக்கத்து வளவுக்காரர், இரண்டாவதாக அதே ஒழுங்கையில் இருக்கும் உறவினர், வெளிநாட்டு இலக்கங்கள் அதற்குப் பிறகு. பொலிசின் அவசர இலக்கமான 119 ஐப் பனலில் பதிய வேண்டாம். வந்து பார்த்த மனிதரே பொலிசுக்கு அழைத்து, இடத்தைச் சொல்லட்டும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் யன்னல்களுக்கு அநேகமாகக் கம்பி இருக்கும். ஆகவே யன்னலுக்கு யன்னல் சென்சர் என்பது வீண்செலவு. உள்ளே வர வழிகள் மூன்று: முன்கதவு, குசினிக் கதவு, ஓட்டைப் பிரித்து இறங்குவது. இரண்டு கதவுகளுக்கும் கதவு திறந்தால் அறியும் காந்தச் சென்சர், கூடத்துக்கும் அறைகளுக்கு முன்னால் உள்ள நடைக்கும் ஒவ்வொரு பிஐஆர் (ஆளின் அசைவைப் பிடிக்கும் சென்சர்), உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு சைரன். மூன்று அறை வீட்டுக்கு இது போதும். ஓட்டால் இறங்கியவனும் நடையைக் கடக்காமல் அடுத்த அறைக்குப் போக முடியாது.

காந்தச் சென்சரில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். இரும்புக் கதவில் சாதாரண காந்தத்தைப் பூட்டினால் இரும்பு காந்தப்புலத்தை இழுத்துவிடும். சென்சர் பிடிக்கும் தூரம் பாதியாகவும் குறையலாம். இரும்புக்கென்றே வரும் பெரிய வகையைக் கேளுங்கள். மரக்கதவு மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும். காந்தத்துக்கும் சென்சருக்கும் உள்ள இடைவெளியை, பிடிக்கும் தூரத்தின் விளிம்பில் வைத்துப் பூட்டினால் ஐப்பசியில் தானாக அடிக்கத் தொடங்கும். கதவு சாத்தியிருக்கும்போது 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லாதபடி வையுங்கள்.

பிஐஆர் பார்ப்பது உருவத்தை அல்ல, சூட்டின் அசைவை. குறுக்காக நடந்தால் உடனே பிடிக்கும். நேரே அதை நோக்கி வந்தால் பிந்தும். ஆகவே கதவுக்கு நேரெதிரே வைக்காமல் பக்கத்து மூலையில், நிலத்திலிருந்து 2.1 முதல் 2.4 மீற்றர் உயரத்தில் பூட்டுங்கள். சித்திரை வெய்யிலில் கூடத்துச் சூடு உடற்சூட்டை நெருங்கும்போது சாதாரண பிஐஆர் மந்தமாகும். சூட்டை ஈடுசெய்யும் வகை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெய்யில் விழும் யன்னலையோ, குளிர்சாதனப்பெட்டியின் பின்புறத்தையோ அது பார்க்கக்கூடாது.

பொய் அலாரத்துக்கு இங்கே முதற்காரணம் பல்லி. லென்சின் மேல் ஊரும் பல்லி சென்சருக்கு ஓர் ஆளின் அளவுக்குத் தெரியும். அடுத்தது வயர் ஓட்டையால் உள்ளே போய்க் குடியிருக்கும் எறும்பு. வயர் போன பிறகு அந்த ஓட்டையைச் சிலிக்கனால் அடைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பொய்யாக நாலு தரம் அடித்த அலாரத்துக்கு ஐந்தாம் தரம் அயலவர் எழும்பமாட்டார்.

வளவுக்குள் பிஐஆர் பூட்டவேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. வெய்யிலில் சூடேறிய வாழையிலை காற்றில் ஆடினாலே அது அடிக்கும். வெளியில் கட்டாயம் வேண்டுமென்றால், பின்மதில் ஓரமாக இரட்டைக் கதிர் பீம் சோடி (எதிரெதிரே நின்று, கண்ணுக்குத் தெரியாத இரண்டு கதிர் மறிபடுவதை அறியும் கருவி) பூட்டலாம். இரண்டு கதிரும் ஒன்றாக மறிபட்டால்தான் அடிக்கும் என்பதால் காகத்துக்கும் விழும் இலைக்கும் அசையாது, தென்னோலைக்கு அடிக்கும். கதிர் போகும் வழியைக் கிளை வெட்டித் துப்புரவாக வைத்திருக்க ஆளில்லாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

வயரா, வயர்லெஸ்ஸா? வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பூச்சு வேலைக்கு முன் குழாய் போட்டு வயரே இழுத்துவிடுங்கள். கட்டி முடிந்த வீட்டுக்கு வயர்லெஸ் வசதி. ஆனால் மலிவான 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைச் சென்சர்களில் பல ஒருவழிப் பேச்சு: பற்றரி செத்துப்போனாலும் பனலுக்குத் தெரியாது, எல்லாம் சரி என்றே காட்டும். சென்சர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று அறிவிக்கும் வகையை வாங்குங்கள். பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளின் தடித்த சுவர் சிக்னலைக் குடிக்கும். துளை போடமுன் சென்சரைக் கையில் வைத்து ஒவ்வோர் இடத்திலும் பரிசோதித்துப் பாருங்கள்.

வயர் பூட்டியவர்கள் பனல் மூடியைத் திறந்து ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு வயரின் முடிவிலும், சென்சருக்குள், ஒரு சிறிய ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கவேண்டும். யாரும் வயரை வெட்டினாலும், அதன் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தாலும் பனலுக்குத் தெரிவது அதனால்தான். வேலை சுருக்கி அவற்றைப் பனலுக்குள்ளேயே முறுக்கிவிட்டிருந்தால், வயரை ஒட்டவைத்தவனைப் பனல் கண்டுகொள்ளாது.

கரண்ட் நின்றால் என்ன நடக்கும்? பெரிய வீடொன்றில் பனலும் அழைப்பெடுக்கும் சிம் பகுதியும் இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ 190 மில்லிஅம்பியர், நாலு பிஐஆர் 60, எல்லாமாக 250 என்று வையுங்கள். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி கணக்குப்படி 28 மணித்தியாலம் ஓடும். நடைமுறையில் 20 ஐ நம்புங்கள். இந்தப் பற்றரியின் ஆயுளைச் சூடு தின்றுவிடும்: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. பனலைத் தகரக் கூரைக்குக் கீழே பூட்டாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பற்றரியை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பலியாவதும் பனல்தான். மின்னெழுச்சித் தடுப்பான் பூட்டுவது நல்லது, ஆனால் வீட்டின் எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்ரிக். எர்த்தை முதலில் பார்ப்பிக்கவும்.

வைபை மட்டும் உள்ள பனலை நாங்கள் விரும்புவதில்லை. கரண்டோடு ரவுற்றரும் நின்றுவிடும். சிம் வகையில் இன்னொரு தொல்லை: ரீலோட் போட மறந்து சிம் காலாவதியாகிவிடும், யாருக்கும் தெரியாது. மாதம் ஒருதரம் பக்கத்து வளவுக்காரருக்குச் சொல்லிவிட்டு அலாரத்தை அடிக்கவிட்டு, அழைப்பு அவருக்குப் போகிறதா என்று பாருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலம் தொடங்கமுன் கட்டாயம் செய்யுங்கள். தேரன்று ஒழுங்கையே காலியாகும்.

இரவு நிலையைப் பெரியவர்களுக்கு ஏற்றபடி அமைப்பது முக்கியம். இரவில் கதவுகள் மட்டும் விழித்திருக்கவேண்டும், நடையிலுள்ள பிஐஆர் நித்திரையில். கழிப்பறை வெளியே இருந்தால் குசினிக் கதவுக்கு, சைரன் அடிக்கமுன் அலாரத்தை நிறுத்த 30 செக்கன் தாமதம் கொடுங்கள். கட்டிலருகே அவசரப் பொத்தான் ஒன்று இருக்கட்டும்; விழுந்தாலும் அதையே அமத்தலாம்.

வேலை முடிந்ததும் பூட்டியவரிடமிருந்து நிறுவுநர் குறியீட்டை (பனலின் அமைப்புகளை மாற்ற உதவும் இலக்கம்) எழுதி வாங்கி மாற்றிவிடுங்கள். 1234 என்றே பல வீடுகளில் கிடக்கிறது. வேலைக்கு வருபவருக்குத் தனிக் குறியீடு கொடுத்தால், அவர் நின்றபின் அதை மட்டும் அழிக்கலாம்.

கடைக்கு வரும்போது ஒரு கொப்பித்தாளில் வீட்டின் படத்தைக் கீறி வாருங்கள்: கதவுகள், கழிப்பறை, நாய் படுக்கும் இடம், பிரதான சுவிச், எந்தப் பக்கத்து மதிலுக்கு அப்பால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது. அதை வைத்து, வேண்டாத சென்சர்களைக் கழித்து விலை சொல்வோம்.

இப்படிக்கு,
கடையினர்
யாழ்ப்பாணம்